இழுக்கும் வலிவும் நிறுத்தும் வலிவும்

(காரும் டிரெய்லரும்: எடை வரம்பைப் பற்றி ஒரு பாடம்)



திலக் நகரை அறியாத தமிழ் மாணவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் இரயில் நம்மை லோகமான்ய திலகர் முனையத்தில் இறக்கிவிடுகிறது. பெட்டியும் படுக்கையுமாக வெளியே வந்தால், பம்பாய் மண்ணில் நாம் முதன்முதல் மிதிப்பது பெரும்பாலும் திலக் நகரின் பக்கத்துத் தெருவைத்தான். செம்பூருக்கும் குர்லாவுக்கும் இடைப்பட்ட இச்சிற்றூர் போன்ற நகரிலேதான் இப்பாடம் எனக்குத் தொடங்கிற்று.

நம் மன்றத்தின் பொங்கல் விழாவிற்காக அங்கிருந்து அறுபது நாற்காலிகளையும், இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளையும், ஒரு சிறிய ஜெனரேட்டரையும் கொண்டுவர வேண்டியிருந்தது. நண்பர் ஒருவரிடம் கார் இருந்தது. மற்றொருவர் இரண்டு சக்கரமுள்ள ஒரு டிரெய்லரை இரவல் வாங்கி வந்தார். எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டினோம். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டியும் பார்த்தோம். கார் தாராளமாக இழுத்தது. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

எதிர்த் தேநீர்க் கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர். நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அருகில் வந்து, "எவ்வளவு எடை இருக்கும் தம்பி?" என்று கேட்டார்.

"தெரியலை அண்ணாச்சி. ஆனா கார் நல்லா இழுக்குது."

"இழுக்கும்டே. நிக்குமா?"

எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொறியியல் படிப்பவர் இருவரும், சட்டம் படிப்பவர் ஒருவரும் அக்கூட்டத்தில் இருந்தோம். ஆயினும் டிரெய்லரின் எடையோ, காரின் எடையோ, சட்டம் அனுமதிக்கும் எடையோ எங்களில் எவருக்கும் தெரியாது. அண்ணாச்சியின் அறிவுரைப்படி சுமையை இரண்டு நடையாகப் பிரித்துக் கொண்டு சென்றோம். விழா ஒரு மணி நேரம் பிந்திற்று. அந்த ஒரு மணி நேரத்திற்கு ஈடாக நான் கற்றுக்கொண்டதை இங்கே உங்கள்முன் வைக்கிறேன்.

எடை என்பது ஒன்றன்று, ஐந்து

"இந்தக் கார் எவ்வளவு இழுக்கும்?" என்று பலரும் கேட்கிறோம். ஒரே எண்ணில் விடை வரும் என்று எதிர்பார்க்கிறோம். பிழை இங்கேதான் பிறக்கிறது. டிரெய்லர் பூட்டிய காருக்கு வரம்பு ஒன்றல்ல. அவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்ளல் இன்றியமையாதது.

முதலாவது, வெற்றெடை. ஆர்.சி. புத்தகத்தில் 'அன்லேடன் வெயிட்' என்று காண்பது இது. வண்டியும், அது ஓடுவதற்கு வழக்கமாக வேண்டிய கருவிகளும் சேர்ந்த எடை. ஓட்டுநரின் எடை இதில் சேராது.

இரண்டாவது, மொத்த எடை. வண்டியும் அதன் சுமையும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று பதிவு அதிகாரி சான்று அளித்த எடை. காருக்கு ஒன்று உண்டு. டிரெய்லருக்குத் தனியே ஒன்று உண்டு.

மூன்றாவது, இழுவை எடை. இந்தக் கார் தன் பின்னே எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்று காரைச் செய்தவர் குறித்த அளவு. இதிலும் இரு வகை உண்டு. டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால் ஓர் அளவு. இல்லாவிட்டால் அதனினும் மிகக் குறைந்த ஓர் அளவு.

நான்காவது, கூட்டெடை. காரும், காரில் உள்ளவர்களும், டிரெய்லரும், அதன் சுமையும் ஆகிய அனைத்தும் சேர்ந்த எடைக்கு உள்ள வரம்பு.

ஐந்தாவது, கொக்கி எடை. டிரெய்லரின் முன்கை காரின் கொக்கிமேல் எவ்வளவு அழுத்தலாம் என்பது. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

இவை ஐந்தும் ஐந்து வாயிற்காவலர்கள் போன்றவை. நால்வர் வழிவிட்டு ஒருவர் மறித்தாலும் உள்ளே செல்ல இயலாது. ஐந்தினுள் எது மிகக் குறைந்த இடம் தருகிறதோ அதுவே உங்கள் வரம்பு. இப்பாடத்தின் உயிர் இந்த ஒரு வரியிலே அடங்கியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்குரியது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 1939ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, இது 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பொறி இல்லாத டிரெய்லரை வண்டி என்று எண்ணாதவர் நம்மில் பலர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. மோட்டார் வாகனம் என்பதற்கு அது கூறும் இலக்கணத்துள் டிரெய்லரும் அடங்கும். ஆகவே டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். பதிவு எண் வேண்டும். அவ்வெண்ணை டிரெய்லரின் பக்கத்தில் எழுதவேண்டும். அதுவுமன்றி, இழுக்கும் வண்டியின் எண்ணையும் டிரெய்லர்மேல் காட்டவேண்டும் என்கிறது 61ஆம் பிரிவு. முன்னே செல்லும் வண்டியின் எண்ணைப் பின்னே வருபவர் காணவொட்டாமல் டிரெய்லர் மறைத்துவிடும் அல்லவா? அதனாலேயே இந்த ஏற்பாடு.

எடையைப் பற்றிய தலையாய பிரிவு 113. பதிவுச் சான்றில் கண்ட வெற்றெடைக்கு மேற்பட்ட வெற்றெடையுள்ள வண்டியையோ டிரெய்லரையோ பொதுவிடத்தில் ஓட்டலாகாது. அச்சான்றில் கண்ட மொத்த எடைக்கு மேல் சுமை ஏற்றியும் ஓட்டலாகாது. இவ்விரண்டில் முதலாவதன் நுட்பத்தைக் கவனியுங்கள். டிரெய்லருக்கு இரும்புப் பட்டை அடித்து, பக்கப் பலகையை உயர்த்திக் கட்டினால், சுமை ஏற்றாமலேயே அது சட்டத்தை மீறிவிடக்கூடும்.

114ஆம் பிரிவு எடைபோடும் அதிகாரத்தைத் தருகிறது. அளவுக்கு மேல் சுமை இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், அதிகாரம் பெற்ற அலுவலர் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுசெல்லச் சொல்லலாம். அந்த மேடை செல்லும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கவேண்டும். சுமை மிகுதியென்று கண்டால், மிகுந்ததை இறக்கும்படி எழுத்தில் ஆணையிடலாம். இறக்கிய பண்டத்திற்கு நேரும் இழப்பு ஓட்டுபவரைச் சேர்ந்தது.

தண்டனை 194ஆம் பிரிவில் உள்ளது. முன்னர் இரண்டாயிரம் ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் ஓராயிரமும் என்று இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 20,000 ரூபாயாகவும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது. எடைபோட மறுத்து நிற்காமல் செல்வோருக்கும், எடைபோடுமுன் சுமையை இறக்கி மறைப்போருக்கும் 40,000 ரூபாய். மிகுந்த சுமையை இறக்கும்வரை வண்டி நகரவும் கூடாது.

7,500 என்னும் எண்

உரிமம் பற்றி ஒரு மயக்கம் உண்டு. அதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்மிற் பலர் வைத்திருப்பது இலகு மோட்டார் வாகன உரிமம். 7,500 கிலோகிராம் என்பது அவ்வகையின் எல்லை. சரக்கு வண்டியாயின் மொத்த எடையும், காரோ டிராக்டரோ ஆயின் வெற்றெடையும் இவ்வெல்லையைத் தாண்டலாகாது.

இவ்வுரிமம் உள்ளவர் சிறு சரக்கு வண்டியை ஓட்டலாமா என்பது பல்லாண்டுகள் நீதிமன்றங்களில் நடந்த வழக்கு. 2017இல் உச்ச நீதிமன்றம் ஓட்டலாம் என்றது. ஐயம் எழுந்து, வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குச் சென்றது. 2024 நவம்பர் 6ஆம் நாள் அவ்வமர்வும் அதனையே உறுதி செய்தது. 7,500 கிலோகிராமுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்பது தீர்ப்பு.

டிரெய்லரைப் பற்றியும் தீர்ப்புகள் உள்ளன. டிராக்டர் ஓட்ட உரிமம் பெற்றவர், டிரெய்லரைப் பூட்டியதனால் மட்டும் உரிமம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. சரக்கேற்றும் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் அது சரக்கு வண்டியே என்று 2005இல் கூறிற்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒன்று ஓட்டுபவரின் உரிமத்தைப் பற்றியது. மற்றொன்று வண்டியின் தன்மையைப் பற்றியது.

எனவே, 7,500 என்பது யார் ஓட்டலாம் என்பதற்கு விடையே தவிர, எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு விடையன்று. "என் உரிமத்தில் ஏழரை டன் இருக்கிறது, அரை டன் டிரெய்லர் எம்மாத்திரம்?" என்று வாதிடுபவர், ஒரு கதவின் சாவியை வைத்துக்கொண்டு வேறொரு கதவைத் திறக்க முயல்பவரே ஆவர்.

ஒரு கணக்கு

இனி எங்கள் பொங்கல் சுமையையே கணக்கிட்டுப் பார்ப்போம். எண்களைக் கணக்கிற்கு ஏற்ப முழுமையாக்கி எடுத்துக்கொள்கிறேன்.

காரின் வெற்றெடை 1,150 கிலோ. மொத்த எடை வரம்பு 1,600. காரைச் செய்தவர் குறித்த இழுவை எடை, பிரேக் உள்ள டிரெய்லருக்கு 900; பிரேக் இல்லாததற்கு 500. கூட்டெடை வரம்பு 2,300. கொக்கி எடை வரம்பு 60. டிரெய்லரின் வெற்றெடை 220. பதிவான மொத்த எடை 750. அந்த டிரெய்லருக்குப் பிரேக் இல்லை.

சுமை: நாற்காலி ஒன்று 4 கிலோ வீதம் அறுபதுக்கு 240; ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டிற்கு 70; ஜெனரேட்டர் 90; விளக்கு, கம்பி, திரைச்சீலை முதலியன 60. ஆக 460 கிலோ.

டிரெய்லரைச் சோதிப்போம். 220உடன் 460 சேர்ந்தால் 680. வரம்பு 750. தேறியது.

காரைச் சோதிப்போம். ஓட்டுநர் உட்பட ஐந்து பேர், ஆள் ஒன்றுக்கு 65 கிலோ வீதம் 325. கைப்பைகள் 40. டிரெய்லர் கொக்கிமேல் அழுத்துவது 60. வெற்றெடையோடு கூட்டினால் 1,575. வரம்பு 1,600. தேறியது. கொக்கி எடையைக் காரின் சுமையாகக் கொள்ளவேண்டும் என்பதை மறவாதீர்கள். இதை விட்டுவிட்டுக் கணக்கிடுவோர் பலர்.

கொக்கியில் அழுத்தம் 60. வரம்பும் 60. அதுவும் தேறியது.

கூட்டெடையைப் பார்ப்போம். கொக்கியில் அழுத்தும் 60 கிலோ, டிரெய்லரின் 680க்குள் ஏற்கனவே அடங்கியது. அதை இருமுறை எண்ணலாகாது. ஆதலால் கார் 1,515, டிரெய்லர் 680, ஆக 2,195. வரம்பு 2,300. தேறியது.

எஞ்சியது இழுவை எடை ஒன்றே. டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. ஆகவே வரம்பு 500. டிரெய்லரின் எடையோ 680. இங்கே 180 கிலோ மிகுதி. தவறிற்று!

நான்கில் தேறி ஒன்றில் தவறினோம். தேர்வு அன்று இது, நான்கு பாடத்தில் தேறியதற்குப் பாராட்டுப் பெற. 180 கிலோ என்பது நாற்பத்தைந்து நாற்காலிகள். அவற்றை மறுநடைக்கு விட்டிருந்தால் டிரெய்லர் சரியாக 500க்கு வந்திருக்கும். அண்ணாச்சி எண்ணிப் பார்க்காமலேயே சொன்ன தீர்ப்பு அதுதான்.

இன்னும் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் எங்கள் டிரெய்லரும் தேறியிருக்கும், காரும் தேறியிருக்கும். எடைமேடையில் ஏற்றியிருந்தாலும் எண்கள் பதிவெல்லைக்குள் அடங்கியிருக்கும். மறித்த காவலர் பதிவுச் சான்றில் இல்லை. காரோடு தரும் கையேட்டிலே இருந்தார். சட்டத்தின் எண் கூரை போன்றது. கூரை உயரமாக இருக்கிறது என்பதற்காக எவரும் கூரைவரை மூட்டை அடுக்குவதில்லை. சில கார்களின் கையேடுகளில் டிரெய்லர் இழுப்பதே கூடாது என்று எழுதியிருக்கும். அத்தகைய காருக்கு இழுவை எடை சுழி. அதற்குக் கொக்கி பற்றவைப்பது அறிவுடைமை ஆகாது.

நிற்குமா?

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஏன் இத்தனைக் கடுமை? பொறியின் ஆற்றல் குறைவு என்பதனால் அன்று. அண்ணாச்சி கேட்ட கேள்வியே காரணம்.

கார் நிற்பது அதன் டயர்கள் சாலையைப் பற்றுவதால். அப்பற்று, டயர்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. எங்கள் கணக்கில் காரின் டயர்கள்மேல் அழுத்துவது 1,575 கிலோ. அவை நிறுத்தவேண்டியதோ 2,195 கிலோ. டிரெய்லரின் சக்கரங்கள் நிறுத்துவதற்குச் சிறிதும் உதவுவதில்லை. ஆகவே நிறுத்தும் வலிவு ஏறத்தாழ நூற்றுக்கு 72 பங்காகக் குறைகிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று கொள்வோம். அது நொடிக்கு 11 மீட்டர். உலர்ந்த சாலையில் காரை மட்டும் நொடிக்கு 6 மீட்டர் வீதம் வேகம் தணித்து நிறுத்தக்கூடுமானால், அது 10.3 மீட்டரில் நிற்கும். டிரெய்லரோடு அதே கார் 14.3 மீட்டர் ஓடும். நான்கு மீட்டர் கூடுதல். காகிதத்தில் இது சிறிய எண். திலக் நகர் நிலையத்தின் வெளியே சாலையைக் கடக்கும் ஒரு தாய்க்கும் அவள் கைப்பிடித்த குழந்தைக்கும் அது சிறிய எண்ணா? பம்பாயின் ஆடி மழையில் சாலை நனைந்திருந்தால் பற்று மேலும் குறையும். தூரம் மேலும் நீளும்.

வேகத்தின் கொடுமையையும் மறத்தலாகாது. வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். எனவே எடை வரம்புக்குள் இருப்பினும் டிரெய்லர் பூட்டிய கார் மெல்லச் செல்லவேண்டும்.

சுமையை வைக்கும் முறை

எடை சரியாக இருந்தும் வைக்கும் முறை தவறினால் கேடு உண்டு. கனமான பண்டத்தை டிரெய்லரின் வால்பக்கத்தில் வைத்தால், அதன் முன்கை மேலே எழும்பும்; காரின் பின்பக்கத்தைத் தூக்கும். சற்று வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அவ்வாட்டம் வளர்ந்தால் நாயின் வால் நாயையே ஆட்டிவிடும்! மாறாக எல்லாவற்றையும் முன்னே குவித்தால் கொக்கிமேல் அழுத்தம் மிகும். காரின் பின்பக்கம் தாழும். முன்சக்கரங்கள் சாலையைப் பற்றாமல் திருப்பம் கைக்கு அடங்காது.

முறை எளியது. கனமானவற்றை அச்சுக்கு நேர்மேலேயும் சற்று முன்னேயும் தாழ வையுங்கள். இலேசானவற்றை அவற்றின்மேலும் பின்னும் வையுங்கள். இடமும் வலமும் ஒத்திருக்கட்டும். கொக்கியைப் பூட்டியபின் காப்புச் சங்கிலியையும் மாட்டுங்கள். வழியில் டிரெய்லர் ஆடினால் திடீரென்று பிரேக் போடாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே தணிய விடுங்கள்.

மற்றொன்று. டிரெய்லர் பண்டத்திற்கு உரியது, மனிதருக்கு உரியதன்று. 2022 அக்டோபர் 1ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பியோரை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து, இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. விழாவிற்குச் செல்லும் அவசரத்தில், "நாலு பேர் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் அந்தக் குளம் நம் நினைவுக்கு வரவேண்டும்.

அச்சும் சாலையும்

எடை வரம்பு புதிய சட்டக்காரர் கண்டுபிடித்தது என்று எண்ணவேண்டா. மயிலிறகைவிட இலேசான பண்டம் வேறு எது? அதையும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் கூறிவிட்டார். அரசனுக்குச் சொன்ன அறிவுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை, வண்டிக்காரன் அன்றாடம் கண்ட உண்மை. பண்டத்தின் இலேசைப் பார்த்து ஏமாறாதே, மொத்தத்தை எண்ணு என்பதே அதன் கருத்து. நாற்காலி ஒன்று நான்கு கிலோதானே என்று நாங்கள் ஏமாந்தது அவ்வழியே.

மிகுந்த சுமை வண்டியின் அச்சை மட்டுமா வருத்துகிறது? சாலையையும் வருத்துகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊரின் அருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டி ஒரு பெரும் சோதனை நடத்தினர். அச்சின்மேல் எடை கூடக்கூடச் சாலையின் தேய்வு ஏறத்தாழ அதன் நான்காம் மடியாகக் கூடுகிறது என்பது அதிலிருந்து பெற்ற பாடம். எடை இரு மடங்கானால் தேய்வு பதினாறு மடங்கு!

நம் நாட்டில் 2018 ஜூலையில் மைய அரசு அச்செடை வரம்பை உயர்த்திற்று. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு முன்பு 10.2 டன் இருந்தது, அது 11.5 டன் ஆயிற்று. கூடியது நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான். ஆனால் நான்காம் மடிக் கணக்கில் சாலைக்கு வரும் தேய்வு ஏறத்தாழ 1.6 மடங்கு. லாரித் தொழிலுக்கு ஒரே நடையில் மிகுதியான சரக்கு செல்வது ஆதாயம். சாலை செப்பனிடும் செலவு பொதுப்பணம். இரண்டையும் எடைபோட்டே ஓர் அரசு வரம்பு வகுக்கவேண்டும். அமர் மகால் சந்திப்பில் நின்று, நெடுஞ்சாலையில் வரிசையாகச் செல்லும் லாரிகளை நோக்கும்போது, ஒவ்வோர் அச்சின் பின்னும் இத்தகைய ஒரு கணக்கு ஓடுவதை நீங்கள் இனிக் காண்பீர்கள்.

மேனாட்டில்

நம்மில் சிலர் மேற்படிப்பிற்குக் கடல் கடந்து செல்வர். அங்கே காருக்குப் பின்னே டிரெய்லரும், படகும், வீட்டு வண்டியும் இழுத்துச் செல்வது அன்றாட வழக்கம். இங்கிலாந்தில் பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை 750 கிலோவையோ காரின் எடையில் பாதியையோ, இவ்விரண்டில் எது குறைவோ அதைத் தாண்டலாகாது. கையேட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே வரம்பு. சாதாரணக் கார் உரிமம் உள்ளவர் 3,500 கிலோவரை டிரெய்லர் இழுக்கலாம் என்று 2021 டிசம்பர் 16 முதல் அங்கே விதி தளர்ந்தது. ஆயினும் கார் அவ்வளவு இழுக்கத் தக்கதாயின் மட்டுமே. உரிமத்தின் எல்லை வேறு, வண்டியின் எல்லை வேறு என்னும் நம் பாடமே அங்கும் நிற்கிறது.

யாருடைய பொறுப்பு?

இறுதியாக, நம் மனச்சான்றைத் தொடும் ஒரு செய்தி. சுமை மிகுந்த வண்டி பிடிபட்டால் தெருவில் தலைகுனிந்து நிற்பவர் ஓட்டுநர். ஏற்றச் சொன்னவர் வேறொருவர். ஆதாயம் பெற்றவர் மற்றொருவர். இதைச் சட்டம் அறியும். ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரும் ஓட்ட விட்டவரும் 194ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உரியவரே. ஓட்டுபவர் உரிமையாளர் அல்லாதபோது, உரிமையாளர் அறிந்தே, அல்லது அவர் கட்டளைப்படியே, குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது 113ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு.

நாமோ ஆண்டுதோறும் விழாவிற்கும், விடுதி மாறுவதற்கும் வாடகை டெம்போவை அழைக்கிறோம். "இன்னும் ரெண்டு கட்டில்தான் அண்ணே, ஏத்திக்கலாம்" என்று வற்புறுத்துகிறோம். அவர் மறுத்தால் வேறொருவரை அழைப்போம் என்று அச்சுறுத்துகிறோம். அன்றைய கூலியை இழக்க அஞ்சி அவர் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பு உடன்பாடு அன்று, வறுமை. இருநூறு ரூபாய் மிச்சப்படுத்த அவருடைய உரிமத்தையும், வழிப்போக்கர் ஒருவரின் உயிரையும் பணயம் வைக்க நமக்கு உரிமை உண்டோ? ஓட்டுநர் "போதும் தம்பி" என்று சொன்னால், அச்சொல்லை ஒரு நிபுணரின் தீர்ப்பாக மதித்து நிறுத்துங்கள்.

இந்த ஆண்டு விழாவிற்கும் திலக் நகரிலிருந்தே நாற்காலிகள் வந்தன. ஏற்றுமுன் ஒரு நாற்காலியைத் தராசில் வைத்தோம். கையேட்டைப் பிரித்தோம். ஐந்து எண்களை ஒரு தாளில் எழுதினோம். இரண்டு நடையாகவே கொண்டுவந்தோம். விழா குறித்த நேரத்தில் தொடங்கிற்று. முன்கூட்டியே புறப்பட்டோம், அவ்வளவே. தேநீர்க் கடையில் அண்ணாச்சி நின்றிருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்கு அது முதல் வகுப்பில் தேறிய சான்றிதழ்.

பயிற்சி

1. பிரேக் இல்லாத ஒரு டிரெய்லரின் வெற்றெடை 250 கிலோ. பதிவான மொத்த எடை 600. காரின் கையேடு, பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 450 கிலோ என்கிறது. எவ்வளவு சுமை ஏற்றலாம்? (விடை: 200 கிலோ. 350 என்று விடை கண்டவர், ஐந்து எடைகள் பற்றிய பகுதியை மீண்டும் படிக்க.)

2. ஓர் அச்சின்மேல் 10 டன் இருக்கவேண்டிய இடத்தில் 12 டன் ஏற்றினால், சாலைத் தேய்வு எத்தனை மடங்காகும்? (விடை: ஏறத்தாழ இரு மடங்கு.)

3. உங்கள் வீட்டிலோ, நண்பர் வீட்டிலோ உள்ள வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் கையேட்டையும் எடுத்து, ஐந்து எடைகளுள் எத்தனை அவற்றில் கிடைக்கின்றன என்று காண்க. (இதற்கு விடை உங்களிடமே உள்ளது.)